வீட்டுக்கு வரவேண்டிய சிகிச்சை: பனமலை வட்டாரத்து ஆட்டிசக் குடும்பங்களை முன்வைத்து

பனமலையை வரலாற்று ஆர்வலர்கள் அறிவார்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் அங்கே குன்றின்மேல் நிற்கிறது. அதன் துணைச் சன்னிதி ஒன்றில் எஞ்சியிருக்கும் பார்வதி ஓவியத்தைப் பார்க்க வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். குன்றுக்குக் கீழே ஏரி. அதைச் சுற்றி நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் (நிலக்கடலை) விளையும் ஊர்கள். செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட இந்த ஊர்களில் ஆட்டிசம் உள்ள குழந்தையை வளர்க்கும் வீடுகளுக்கு என்ன உதவி கிடைக்கிறது, என்ன கிடைக்கவேண்டும் என்பதே இங்கே பேசுபொருள்.

அப்படி எத்தனை வீடுகள் இருக்கும்? மாவட்ட அளவில் துல்லியமான கணக்கெடுப்பைத் தேடுவதைவிட ஒரு மதிப்பீட்டிலிருந்து தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாக நூறு குழந்தைகளுக்கு ஏறத்தாழ ஒருவர் என்று சொல்லிவந்தது. அண்மைய மதிப்பீட்டில் 127 பேருக்கு ஒருவர் என்கிறது. இலங்கையில் ஹேமமாலி பெரேராவும் அவருடைய குழுவினரும் ஒரு புறநகர்ப் பகுதியில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் 93 பேருக்கு ஒருவர் என்று வந்தது. கள்ளக்குறிச்சி 2019இல் பிரிந்த பிறகும் விழுப்புரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 20 லட்சத்தைத் தாண்டுகிறது. பத்து வயதுக்குட்பட்டவர்கள் அதில் மூன்று லட்சம் என்று கொண்டால், இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் வீடுகள் வரை தேறும். ஊருக்கு ஒன்றிரண்டு வீடுதான். ஒரு வீட்டார்க்கு இன்னொரு வீடு இருப்பதே தெரியாத அளவுக்குச் சிதறிக் கிடக்கும் வீடுகள். சிக்கலின் பாதி இந்தச் சிதறலில்தான் இருக்கிறது.

இந்த ஊர்களில் விஷயம் தெரியவரும் விதம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பிள்ளைக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. காது கேட்கவில்லையோ என்று முதலில் சந்தேகம். ஆனால் பக்கத்து அறையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் ஓடி வருகிறான். “ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும். இவங்க அப்பனும் மூணு வயசு வரைக்கும் வாயே தொறக்கல” என்று பாட்டி சொல்வாள். வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவார்கள். மயிலம் முருகனுக்கு வேண்டுதல் வைப்பார்கள், அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குத் தூக்கிப் போவார்கள். இதையெல்லாம் அறியாமை என்று ஒதுக்கிவிடுவது தவறு. ஒரு குடும்பம் தன் பிள்ளைக்காக உடனே செய்யமுடிந்ததைச் செய்கிறது. அந்த நேரத்தில் அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் வேறு யாரும் இல்லை. கோயில் வாசலில் யாரும் அவர்களிடம் ‘அடுத்த மாதம் வா’ என்று சொல்வதுமில்லை.

பிறகு பால்வாடி. அங்கே பிள்ளை மற்றவர்களோடு உட்காராமல் சுவரோரம் நடந்துகொண்டே இருக்கும்போது டீச்சரம்மாவோ கிராம சுகாதார செவிலியரோ ஒரு வார்த்தை சொல்வார்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் சென்று வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளைக் கண்டறிந்து மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பவேண்டும். பெரிய அரசு மருத்துவமனை என்றால் இவ்வூர்க்காரர்களுக்கு முண்டியம்பாக்கம்தான். அங்கே 2010இல் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதற்கு மேல் போவதென்றால் புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கிய பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம்.

மதிப்பீடு நடக்கும். ஆட்டிசத்தை அளக்க நம் நாட்டில் உருவாக்கிய அளவுகோல் ஒன்று உண்டு. 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70ஐத் தொட்டால் ஆட்டிசம், 153ஐத் தாண்டினால் கடுமையானது. மாற்றுத்திறனாளி அட்டை வாங்க இந்த எண் வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் அதை முதலில் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக அதை ஏற்றது. அட்டை கைக்கு வருவது பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மருத்துவச் சீட்டின் கடைசி வரியில் ‘ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வி’ என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் குடும்பம் திகைத்து நிற்கிறது. அந்த வரியைப் பனமலையில் வைத்து எப்படி நிறைவேற்றுவது?

வாரத்துக்கு இரண்டு அமர்வு என்று வைத்துக்கொள்வோம். பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிக்கும் அவருக்குத் துணையாக வருபவருக்கும் 2021இலிருந்து அரசு நகரப் பேருந்தில் டிக்கெட் கிடையாது. அது உண்மையான நன்மை. செலவு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். 2024-25இல் நூறு நாள் வேலைக்கே ஒரு நாள் கூலி 319 ரூபாய். களையெடுக்கவோ மல்லாட்டை பறிக்கவோ ஆள் கூப்பிடும் பருவத்தில் வாரத்தில் இரண்டு நாள் வராதவளை மேஸ்திரி மறுபடி கூப்பிடமாட்டார். அடுத்தது பிள்ளை. ஹார்ன் சத்தம், நெரிசல், தெரியாத உடல்கள் மேலே உரசுவது, வெயில். இவற்றைத் தாங்கமுடியாமல் காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தையை மடியில் வைத்திருப்பவளைப் பார்த்து, “புள்ளைய அடக்கத் தெரியலையா?” என்று பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் வரும். அப்படிப் போய்ச் சேர்ந்த குழந்தைக்கு 40 நிமிட அமர்வில் கற்றுக்கொள்ள என்ன தெம்பு மிஞ்சியிருக்கும்? சில மாதங்களில் குடும்பம் போவதை நிறுத்திவிடும். பதிவேட்டில் அது ‘இடைநின்றவர்’ என்று ஏறும். மையத்தை நோக்கிக் குடும்பத்தை வரவழைக்கும் ஏற்பாட்டுக்கு இந்த நில அமைப்பும் இந்தக் கூலி அமைப்பும் இடம் கொடுக்கவில்லை என்பதே என் வாதத்தின் முதல் பகுதி.

இரண்டாம் பகுதிக்கு வருமுன் கொஞ்சம் வரலாறு வேண்டும். ஏனென்றால் ஆட்டிசத்தின் வரலாற்றில் குடும்பம், குறிப்பாகத் தாய், நெடுங்காலம் குற்றவாளிக் கூண்டில் நின்றிருக்கிறாள்.

அமெரிக்காவில் லியோ கன்னர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் தனி நிலையாக மருத்துவத்தில் பேசப்படுகிறது. பிறவியிலேயே வரும் இயல்பு என்றுதான் அவர் அதில் எழுதினார். ஆனால் பெற்றோரிடம் கனிவு குறைவாக இருப்பதாகவும் குறிப்பிட்டார். அந்தக் குறிப்பு வளர்ந்து பூதமாயிற்று. தாயின் பாசமின்மையால் குழந்தை தனக்குள் ஒடுங்கிக்கொள்கிறது என்ற கருத்தை புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் உலகெங்கும் பரப்பியது. அவர் நாஜி வதைமுகாம்களில் இருந்து மீண்டவர். முகாம் கைதிகளிடம் கண்டதை இந்தக் குழந்தைகளிடமும் கண்டதாக எழுதினார். அப்படியானால் முகாம் காவலர் இடத்தில் யார் நிற்கிறார்? எத்தனையோ தாய்மார் அந்த நூலால் உடைந்துபோனார்கள். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட் அதற்கு முன்பே, 1964இல், இது நரம்பியல் சார்ந்தது என்று விரிவாக வாதிட்டிருந்தார். 1969இல் பெற்றோர் சங்கத்தின் கூட்டத்தில் கன்னரே மேடையேறி, பெற்றோர்மீது குற்றமில்லை என்று அறிவித்தார்.

அங்கே முடிந்த வழக்கு இங்கே முடியவில்லை. கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்தாள், சொந்தத்தில் கட்டியதால் வந்தது, மருமகள் வந்த நேரம் சரியில்லை என்று வீட்டுக்குள் பேச்சு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. இப்போது சேர்ந்திருப்பது செல்போன். “போனைக் குடுத்துக் குடுத்து நீதான் கெடுத்த” என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். அளவுக்கு மீறித் திரை பார்க்கும் குழந்தையிடம் பேச்சும் விளையாட்டும் குறையும். ஆகவே அதைக் குறைக்கச் சொல்வது நியாயம். திரையால் ஆட்டிசம் உண்டாகிறது என்று நிறுவப்படவில்லை. காலை நான்கரைக்கு எழுந்து சமைத்துவிட்டு வேலைக்குப் போகிறவள், குழந்தை ஓடிப்போய் ஏரியில் விழாமல் இருக்க அரை மணி நேரம் போனைக் கொடுத்தால் அது நோயின் காரணம் ஆகாது. அவளுக்கு உதவ ஆள் இல்லை என்பதையே அது காட்டுகிறது.

சிகிச்சையின் வரலாறும் குடும்பத்தை நெடுநாள் வெளியே நிறுத்தியது, இல்லையேல் கூலியில்லாத உதவியாளாக்கியது. அமெரிக்க உளவியலாளர் ஐவர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு வாரத்துக்கு 40 மணி நேரத் தீவிரப் பயிற்சியைப் பரிந்துரைத்தது. அதன் ஆய்வுமுறைமீதும், தொடக்கக் காலத்தில் தண்டனைகளைப் பயன்படுத்தியதன்மீதும் கடும் விமர்சனங்கள் எழுந்தன. வளர்ந்துவிட்ட ஆட்டிசக்காரர்கள் பலர் அந்தப் பயிற்சியின் வலியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதெல்லாம் ஒருபுறம் இருக்க, வாரம் 40 மணி நேரம் என்பது ஒரு முழுநேரச் சம்பள வேலை. பனமலைக்கு அது பொருந்தாது.

பொருந்தக்கூடிய ஒன்று பிரிட்டனில் தொடங்கி நம் பக்கம் வந்திருக்கிறது. லண்டன், மான்செஸ்டர், நியூகாசில் ஆகிய நகரங்களில் 152 குழந்தைகளிடம் நடந்து 2010இல் ‘லான்செட்’ இதழில் வந்தது பாக்ட் என்ற ஆய்வு. இதில் சிகிச்சையாளர் குழந்தையோடு வேலை செய்வதில்லை. பெற்றோரோடுதான் வேலை. பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதைச் சில நிமிடம் வீடியோ எடுத்து, அதைப் பெற்றோரோடு உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்ப்பதே அடிப்படை. இதையே எளிமையாக்கி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 2 முதல் 9 வயது வரையிலான 65 குழந்தைகளிடம் நடத்தினார்கள். பாஸ் என்று பெயர். சிகிச்சை தந்தவர்கள் நிபுணர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். மொத்தம் 12 அமர்வுகள், குடும்பத்தின் தாய்மொழியில். முடிவு 2016இல் வெளியானது.

அமர்வில் நடப்பதை நம் வாசலுக்குப் பொருத்திப் பார்க்கிறேன். மூன்றரை வயதுப் பையன் திண்ணையில் மல்லாட்டைத் தோலை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறான். அம்மா எதிரே உட்கார்ந்து, “இது என்னாது? சொல்லு. மல்லாட்ட சொல்லு. அம்மாவப் பாரு. இங்க பாரு” என்கிறாள். அவன் பார்க்கவில்லை. முகவாயைப் பிடித்துத் திருப்புகிறாள். அவன் முறுக்கிக்கொண்டு எழுந்துவிடுகிறான். களைத்துப்போய் அவள் பேசாமல் இருக்கிறாள். அவன் திரும்பி வந்து அடுக்குகிறான். கை சும்மா இருக்கமாட்டாமல் அவளும் ஒரு தோலை எடுத்து வரிசையின் கடைசியில் வைக்கிறாள். அவன் கை நிற்கிறது. அவள் கையைப் பார்க்கிறான். ஒரு நொடி முகத்தையும் பார்க்கிறான். நேரில் இது யார் கண்ணிலும் படாது. அவள் கண்ணிலும் படவில்லை. வீடியோவைப் போட்டு அந்த இடத்தில் நிறுத்தி, “இங்க என்னா பண்றான் பாருங்கக்கா” என்று பணியாளர் கேட்கிறார். அவர் விடை சொல்வதில்லை. அம்மாவே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்கிறார். இரண்டாம் முறை ஓடும்போது அம்மா, “பாக்குறான்... நான் வெச்சதப் பாக்குறான்” என்கிறாள். அடுத்த பதினைந்து நாளைக்கான வேலை அதிலிருந்து பிறக்கிறது. தினம் அரை மணி நேரம், அவன் எதைக் கவனிக்கிறானோ அதை நீயும் கவனி. கேள்வி கேட்பதைக் குறை. அவன் செய்வதற்கு ஒரு சொல் மட்டும் சொல். சொல்லிவிட்டுக் காத்திரு.

இதில் குழந்தையைத் திருத்தும் வேலை இல்லை. அவன் அடுக்குவது கெட்ட பழக்கம் என்று யாரும் சொல்லவில்லை. மாறுவது பெரியவர்களின் பக்கம். பாஸ் ஆய்வில் பெற்றோர் குழந்தையின் போக்கோடு ஒத்துப்போவது கூடியது. குழந்தைகள் தாமாகத் தொடங்கும் தொடர்புகளும் கூடின. ஆனால் இருவரும் ஒன்றின்மீதே சேர்ந்து கவனம் வைத்திருக்கும் நேரம், எதிர்பார்த்ததற்கு மாறாக, சிகிச்சை பெற்ற குழுவில் குறைந்திருந்தது. மூல ஆய்வான பாக்ட்டிலும் முதலில் அறிகுறிகளின் கடுமையில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. சுமார் ஆறு ஆண்டு கழித்து அதே குழந்தைகளில் 121 பேரை மறுபடி பார்த்தபோதுதான் அறிகுறிகளின் கடுமை குறைந்திருப்பது தெரிந்தது. ஆக இது மந்திரமல்ல, மெதுவாக வேலை செய்கிறது. ஆனால் நிபுணர் இல்லாத ஊரில், உள்ளூர்ப் பெண்ணைக் கொண்டு, வீட்டுத் திண்ணையிலேயே செய்யக்கூடியது என்று காட்டியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் முக்கியம். இலங்கையிலும் பெரேராவின் குழு, தாய்மார் வீட்டிலேயே தரும் பயிற்சியைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில் நல்ல முன்னேற்றத்தைப் பதிவு செய்தது.

இந்த வகைச் சிகிச்சை நம் பக்கம் வரவேண்டும் என்று சொல்வது எளிது. அது வரும்போது என்ன ஆகும் என்று யோசித்தால் ஒரு கவலை எழுகிறது. ‘பெற்றோர் வழிச் சிகிச்சை’ என்று சொன்னாலும் நடைமுறையில் அது தாய்வழிச் சிகிச்சையாகவே முடியும். அப்பா சென்னையில் கட்டட வேலையிலோ செங்கல் சூளையிலோ இருப்பார். விறகு, தண்ணீர், சமையல், மாடு, கூலி வேலை, பிள்ளை. இவற்றோடு தினம் அரை மணி நேர சிகிச்சையும் அவள் கணக்கில் சேரும். பிள்ளை முன்னேறாவிட்டால்? “நர்சம்மா சொல்லிக்குடுத்தத நீ ஒழுங்கா செய்யல” என்று மாமியார் சொல்வாள். பாசம் வைக்காததால் பிள்ளையைக் கெடுத்தவள் என்று அன்று சொன்னார்கள். பயிற்சி கொடுக்காததால் கெடுத்தவள் என்று இனிச் சொல்வார்கள். குற்றப்பத்திரிகை மாறும், கூண்டில் நிற்பவள் மாறமாட்டாள். குடும்பத்துக்குச் சிகிச்சை என்று பேசும் யாரும் இதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

விடையின் ஒரு பகுதி வேலூரில் கால் நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்திருக்கிறது. சி.எம்.சி.யின் குழந்தைகள் மனநலப் பிரிவைச் சேர்ந்த பால் ரசல் குழுவினர் 1999இல் பிரிட்டனின் மனநல மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் 57 பேர், 10 வாரம். ஒரு பிரிவினருக்கு விரிவுரை. மற்றொரு பிரிவினர் குழுவாக உட்கார்ந்து தங்களுக்குள் பேசிக் கலந்து கற்றார்கள். குழுவாகப் பேசியவர்களுக்கே தங்கள் குழந்தையைப் பற்றிய மனப்பான்மை தெளிவாக மேம்பட்டது. அது ஆட்டிசத்துக்கென நடந்த ஆய்வல்ல. ஆனால் சிதறிக் கிடக்கும் வீடுகளைப் பற்றி மேலே சொன்னதை நினைத்தால் இதன் அருமை புரியும். ‘என் பிள்ளை மட்டும்தான் இப்படி’ என்று எட்டு ஆண்டு நினைத்திருந்த ஒருத்தி, அனந்தபுரத்திலோ கெடாரிலோ இருந்து வந்த இன்னொருத்தி தன் பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சிரிப்பதைப் பற்றிச் சொல்லக் கேட்பது சிகிச்சைதான். பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லாமல் போகலாம்.

தூக்கத்தை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. பிள்ளை தூங்காத வீட்டில் அம்மா தூங்குவதில்லை. இந்தத் தாய்மாரிடம் மனச்சோர்வு அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கோவாவில் கவுரி திவான் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பங்கள் உறவினரிடமிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் மெல்ல ஒதுங்கிப்போவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றும் திருவிழா எதற்கும் போவதில்லை. போனால் பிள்ளை கத்துவான், ஆள் ஆளுக்கு யோசனை சொல்வார்கள். மூத்த பெண் இருந்தால், தம்பியைப் பார்த்துக்கொள்ள அவள் பள்ளிக்கூடம் போவது குறையும். அவளுக்கு வரன் பார்க்கும்போது தம்பியைப் பற்றிச் சொல்லலாமா கூடாதா என்று வீட்டில் குசுகுசுப்பு நடக்கும். அந்தப் பெண்ணிடம் யாராவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவதும் இந்தக் குழந்தைக்கான சிகிச்சையின் பகுதிதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் வடிவமைத்த பராமரிப்பாளர் பயிற்சி இந்தத் திசையில் கொஞ்சம் வந்திருக்கிறது. 9 குழு அமர்வுகள், 3 வீட்டு வருகைகள். நிபுணர் அல்லாதவர்களே நடத்தலாம். பராமரிப்பவரின் மனநலமும் அதன் பாடத்திலேயே இடம்பெறுகிறது. ஆனால் மூச்சை இழுத்துவிடக் கற்றுக்கொடுப்பது மட்டும் போதாது. இரண்டு மணி நேரம் பிள்ளையை நம்பி விட்டுவிட்டுப் போக ஓர் ஆள் வேண்டும்.

வீடு தேடிப் போகும் முறை தமிழ்நாட்டுக் கிராமத்தில் நடக்குமா என்ற கேள்விக்கு ஆய்க்குடி விடை. 1975இல் கடற்படைத் தேர்வின்போது முதுகெலும்பில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் தன் ஊரில் தொடங்கியது அமர் சேவா சங்கம். இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரிலிருந்து, பயிற்சி பெற்ற சமூக மறுவாழ்வுப் பணியாளர்கள் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் வீட்டுக்கே போகிறார்கள். கையில் ஒரு செயலி. குழந்தையின் நிலையை அதில் பதிவார்கள், பின்னால் இருக்கும் நிபுணர்கள் பார்த்து வழிகாட்டுவார்கள். குடும்பத்தை மையமாக வைப்பதே அந்த முறையின் அடிப்படை. பனமலைக்குப் பக்கத்தில் பார்த்தால், புதுச்சேரியில் சித்ரா ஷா 2003இல் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளி, சிறப்புக் குழந்தைகளின் தாய்மாரையே பயிற்றுநர்களாகத் தயார்செய்து வந்திருக்கிறது. தன் பிள்ளையை வளர்த்துக் கற்றதை வேலையாக்கி, சம்பளம் வாங்கும் தாய் அடுத்த வீட்டுக்குள் நுழையும்போது, அவளிடம் எதையும் மறைக்கவேண்டிய அவசியம் அந்த வீட்டுக்கு இருக்காது.

அரசுக்கும் வீடு தேடிப் போவது புதிதல்ல. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கு வருகிறது, இயன்முறை சிகிச்சையும் வருகிறது. அதே ஆண்டு அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டதே இந்த மாவட்டத்தில்தான், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில். வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், பள்ளிக்கு வரமுடியாத குழந்தைகளின் வீட்டுக்கும் போகிறார்கள். உலக வங்கி உதவியோடு நடக்கும் ‘உரிமைகள்’ திட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகளை வீட்டருகே கொண்டுவரும் நோக்கத்தோடு ‘விழுதுகள்’ மையங்களைத் திறந்துவருகிறது. பாதை இருக்கிறது. அதில் ஆட்டிசக் குடும்பத்துக்கான பயிற்சி பெற்ற ஆள் நடக்கவேண்டும். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். அந்த ஊதியத்தில் இந்த வேலையைச் சுமத்தக் கூடாது. வீடியோவை நிறுத்தி, வாயை மூடிக்கொண்டு தாய்க்காகக் காத்திருக்கும் அந்த நிதானம் மாதக்கணக்கில் பழகி வருவது. தொடர்ந்து மேற்பார்வை இல்லாவிட்டால் அது சீக்கிரமே ‘இப்படிச் செய், அப்படிச் செய்யாதே’ என்ற அறிவுரைக் கூட்டமாகச் சரிந்துவிடும்.

ஆள் வராத இடத்தில் வேறு ஆட்கள் வருவார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆட்டிசத்தைக் ‘குணப்படுத்துவதாக’ ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் வாங்கும் வியாபாரம் இந்தியாவில் பல ஆண்டு நடந்திருக்கிறது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. காட்டை விற்று, நகையை வைத்துப் பணம் கட்டும் குடும்பத்திடம் இந்தச் செய்தி போய்ச் சேர நம்பிக்கையான ஒரு வாய் வேண்டும். தமிழில் யெஸ். பாலபாரதி போன்றவர்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்த்துக்கொண்டே, பெற்றோருக்காக எளிய மொழியில் எழுதியிருப்பது பெரிய உதவி. புத்தகம் எட்டாத வீட்டுக்கு மாதம் இருமுறை வந்துபோகும் பெண் ஒருத்திதான் அந்த வாயாக இருக்கமுடியும்.

பிள்ளை வளர்ந்தபின் பேச்சு வேறு திசைக்குப் போகும். “எனக்கப்புறம் இவன யாரு பாப்பா?” 18 வயதானபின் சட்டப்படியான காப்பாளரை நியமிக்க, தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு இருக்கிறது. ‘நிராமயா’ என்ற காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும், தெரபி உட்பட. தமிழக அரசின் மாதப் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரியிலிருந்து 2,000 ரூபாய். அது அறிவுசார் குறைபாடுடையோர், கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் உள்ளிட்ட பிரிவினருக்கானது. இந்த விண்ணப்பங்களை உட்கார்ந்து நிரப்பித் தருவதும் வீட்டுக்கு வருகிறவரின் வேலையாக இருக்கட்டும். பயத்தில் இருக்கும் தாய்க்கு விளையாட்டு நுணுக்கம் காதில் ஏறாது.

பனமலை வட்டாரத்தில் தொடங்குவதானால் பத்துப் பன்னிரண்டு வீடுகளை வைத்துத் தொடங்கலாம். பக்கத்துப் பக்கத்து ஊர்களிலிருந்து இரண்டு பெண்கள், முடிந்தால் இப்படிப்பட்ட பிள்ளையின் தாய்மாரே, முழுச் சம்பளத்தில். பதினைந்து நாளுக்கு ஒரு வீட்டு வருகை, அப்பா ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து. மாதம் ஒருமுறை பால்வாடிக் கட்டடத்தில், பிள்ளைகள் போனபின் மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டம். நடவும் அறுவடையும் நடக்கும் வாரங்களில் கூட்டம் இல்லை. மாமியாரையும் கூட்டிவரச் சொல்லவேண்டும், அவளுக்கும் பேச இடம் தரவேண்டும். கூட்டம் நடக்கும் இரண்டு மணி நேரமும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஓர் ஆள், அவருக்கும் கூலி. முண்டியம்பாக்கத்திலிருந்தோ ஜிப்மரிலிருந்தோ ஒரு நிபுணர் வாரம் ஒருமுறை போனில் அந்த இரண்டு பெண்களோடு வீடியோக்களைப் பார்க்கவேண்டும். முதல் ஆண்டின் முடிவில் பிள்ளைகளின் மதிப்பெண்ணை எடுப்பவர்கள், அம்மாக்கள் ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்பதையும் அதே தாளில் எழுதவேண்டும்.